பழைய கார்களும் பட்டறையின் வரலாறும்

பழைய சிறிய கார்களைத் தேடி வாங்கித் திருத்திப் புதுக்கி வைத்திருத்தல் இன்று நம் நாட்டில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்னும் பெயர்கள் ஒரு காலத்தில் டாக்குத்தர்மாரையும் அப்புக்காத்துமாரையும் நினைவூட்டின. பின்னர் வாடகைக் கார்த் தரிப்பிடங்களை நினைவூட்டின. இப்போது கண்காட்சிகளையும் கலியாண ஊர்வலங்களையும் நினைவூட்டுகின்றன. கொழும்பிலே இதற்கெனக் கழகங்கள் உள. யாழ்ப்பாணத்திலும் தந்தையோ பாட்டனோ ஓட்டிய காரினைக் கொட்டிலிலிருந்து வெளியே இழுத்து, இலட்சக்கணக்கிற் செலவிட்டு, மினுக்கி வைப்போர் தொகை பெருகி வருகின்றது.

ஓய்வும் பணமும் உடையோரின் விளையாட்டு இது. இதனைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என நண்பர்கள் சிலர் வினவக்கூடும். விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆயின் அவ்விளையாட்டின் மூலப்பொருள் யாது என்பதை ஆராயப் புகுந்தால், ஏறத்தாழ எண்பது ஆண்டுக் கால இலங்கைச் சமுதாய வரலாறு ஒரு தகரக் கூட்டினுள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். அவ்வரலாற்றில் ஒரு பகுதி புதுக்குவோரின் கைகளாலேயே இன்று சுரண்டி எறியப்படுகின்றது. அது பற்றியே நாம் எழுத விழைகின்றோம்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள்முன் வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். துருக்கியின் ஸ்மேர்னா நகரிற் பிறந்து, போரினால் இடம்பெயர்ந்து, பிரித்தானியாவில் அகதியாகக் குடியேறிய கிரேக்க வழியினர் அவர். தொழிற்சாலையின் அதிபரோ நஃபீல்ட் பிரபு எனப்பட்ட வில்லியம் மொறிஸ். அவர் இளமையில் ஒக்ஸ்போட் நகரில் சைக்கிள் திருத்தித் தொழில் தொடங்கியவர். பிரபுவாகிய பின்னர் அவருக்கு இச்சிறிய கார் பிடிக்கவில்லை. உடைத்து அவித்த முட்டை போலிருக்கின்றது என இகழ்ந்தார் என்பர். அவர் இகழ்ந்த காரே பத்து இலட்சம் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்னும் நிலையை 1960ஆம் ஆண்டின் இறுதியில் எய்தியது.

அக்காலப் பிரித்தானியாவின் பொருளாதார நிலையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இரண்டாம் உலகப்போர் அதனைக் கடனாளியாக்கியிருந்தது. டொலரும் பிற அந்நியச் செலாவணியும் வேண்டியிருந்தன. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே உருக்கு என்று அரசு விதித்தது. 1950ஆம் ஆண்டில் அந்நாடு செய்த கார்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடல் கடந்து சென்றது. உள்ளூரிற் பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க, கொழும்புத் துறைமுகத்தில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வந்திறங்கியதன் காரணம் இதுவே. இறங்கியவற்றிற்கு விலை கொடுத்தவை தேயிலையும் இறப்பரும் தெங்கும். கொரிய யுத்தத்தின்போது, 1950, 1951ஆம் ஆண்டுகளில், இறப்பர் விலை ஏறியது. நாட்டின் கையிருப்புப் பெருகியது. நடுத்தர வகுப்பாரின் வாசல்களிலே சிறிய கார்கள் நின்றன. மைனர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டிலேதான், அத்தேயிலையைக் கொய்த மலையகத் தொழிலாளர் பல இலட்சம் பேரைப் பிரசாவுரிமையற்றவராக்கிய 18ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. காரின் பிறப்பாண்டைக் கொண்டாடும் கழகங்களின் வெளியீடுகளில் இச்செய்தியை நாம் கண்டதில்லை. கார் வேறு, அரசியல் வேறு என்பர் போலும்.

வேறல்ல என்பதற்கு ஒரு சான்று அக்கார்களின் முன்னும் பின்னும் தொங்குகின்றது. புதுக்குவோர் இலக்கத் தகட்டை மிகவும் போற்றுவர். ஆங்கில எழுத்துக்களையுடைய தகடு இருந்தால் கார் பழையது. சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள கோடு வெறும் பதிவு முறை மாற்றமன்று. வாகனத் தகட்டிலே ஸ்ரீ எழுத்தைப் பொறிக்கும் விதி 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958 மார்ச்சில், புதிதாக அரசுடைமையாக்கப்பட்ட பஸ் வண்டிகள் அவ்வெழுத்துடன் வடபகுதிக்கு அனுப்பப்பட்டபோது தார்ச்சட்டிகள் தெருவிற்கு வந்தன. தென்னிலங்கையிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. ஏப்பிரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாத இறுதியில் நாடு தீப்பற்றியது. இன்று கண்காட்சியிலே நிற்கும் காரின் தகட்டைப் பார்த்து, “இது ஸ்ரீக்கு முந்தியது” என ஒருவர் பெருமையோடு கூறும்போது, தாம் எதற்கு முந்திய காலத்தைச் சுட்டுகின்றார் என்பதை அவர் எண்ணுவதில்லை.

1960களின் தொடக்கத்திலே செலாவணி நெருக்கடி முற்றியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது; அந்நிலை சிறுசிறு தளர்வுகளுடன் 1977 வரை நீடித்தது. இக்கட்டத்திலேதான் நம் பழைய காரின் உண்மையான வரலாறு தொடங்குகின்றது என்பது எமது கருத்து. செய்த நாட்டிலே ஒரு காரின் வாழ்நாள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். அமெரிக்காவிலோ, 1920களிலேயே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் அல்பிரட் சுலோன் ஆண்டுதோறும் உருவை மாற்றும் முறையைக் கொண்டுவந்து, ஓடக்கூடிய காரையே உரிமையாளன் வெறுக்கும்படி செய்திருந்தார். இலங்கையில் இதற்கு நேர்மாறான நிலைமை உருவாயிற்று. புதியது வராது, ஆகவே பழையது சாகக்கூடாது.

சாகாமற் காத்தவன் பட்டறைத் தொழிலாளி. ‘பாஸ்’ என நாம் அழைக்கும் சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் அது தலைவனைக் குறிக்கும். நம் ஊரிலோ அச்சொல் மேசனுக்கும் ஓடாவிக்கும் கராச்சுத் தொழிலாளிக்கும் உரியதாயிற்று. மரியாதைச் சொல்லைக் கொடுத்துவிட்டு மரியாதையைக் கொடுக்காதிருப்பது நம் சமுதாயத்திற்குப் பழகிய வித்தைதானே. கொல்லுலையிலும் தச்சுப் பட்டறையிலும் தலைமுறையாகப் பயின்ற கைகள் பல இப்புதிய தொழிலினுள் வந்தன. எழுத்து வேலை கிடைக்காத இளைஞரும் வந்தனர். காற்சட்டையிற் கிரீஸ் படிந்தவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய வீடுகள், தம் கார் நின்றுவிட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கும் அவன் படலையைத் தட்டின.

அவர்களுடைய அறிவின் தன்மையைச் சற்று விளக்குதல் பயனுடைத்து. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் தளமும் ஒன்றாக இணைந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே தளத்திலே துருப்பிடித்தால் அது அழகுக் குறைபாடன்று. காரின் முதுகெலும்பு இற்றுப்போகின்றது என்பதே பொருள். எந்தத் தகட்டை முதலில் வெட்டலாம், எதனை வெட்டினாற் கதவு மூடாது போகும், வெட்டுமுன் எங்கே முட்டுக் கொடுக்கவேண்டும் என்பவற்றை நம் தொழிலாளர் பலர் எந்த நூலையும் பார்த்துக் கற்கவில்லை. முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் இடாவிட்டால் சில்லு ஒருநாள் மடிந்து விழும். பிரேக்கின் தலைமை உருளை ஓட்டுநரின் காலடித் தளத்தின்கீழ் ஒளிந்திருக்கின்றது. மழைநீரும் சேறும் முதலில் அதனையே தாக்கும். பெற்றோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என ஒலிக்கும். அவ்வொலி நிற்கும் வேகத்தைக் கொண்டே காபரேற்றர்ப் பக்கத்திற் குறையா, குழாயிற் குறையா எனச் சொல்லுவர். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழித்தோன்றலாக இந்தியாவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரில் நெடுங்காலம் பூட்டப்பட்ட எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எந்தக் காரின் உறுப்பு எந்தக் காருக்குப் பொருந்தும் என்னும் இத்தகைய உறவுமுறைகளைச் சாதகம் பார்ப்பவர் போல் நினைவில் வைத்திருந்தவர்களை நாமே கண்டுள்ளோம்.

1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. யப்பானியக் கார்கள் வந்தன. பழைய ஆங்கிலக் கார்கள் தென்னிலங்கையில் மெல்ல ஒதுங்கின. வடக்கிலே அவை வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் காலம் முடிந்தது என எவரும் எண்ணியிருக்கக்கூடிய வேளையில் யுத்தம் அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது. கொடிய மறுவாழ்வு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, உதிரியுறுப்பு முதலியன தடைசெய்யப்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. எம் தலைமுறையினர் பலர் பிறந்த காலமும் அதுவே. கட்டுப்பாட்டுடன் கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றுதான். அதிலே கார் ஓடவேண்டும்.

ஓடியது. ஏன் ஓடியது என்பதற்குப் பௌதிகம் விடை கூறும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. அழுத்தம் மிகுந்தால் உரிய தருணத்திற்கு முன்னரே பற்றி எஞ்சினை உதைக்கும். புதிய கார்களின் எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஒன்பது மடங்கு, அதற்கு மேலும் அமுக்குவன. அவற்றுக்கு மண்ணெண்ணெய் நஞ்சு. 1948ஆம் ஆண்டின் மைனருக்கு வாய்த்த 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் அமுக்க விகிதமோ ஏழுக்கும் குறைவு. ஒஸ்ரின் ஏ 40இன் விகிதம் ஏழுக்குச் சற்றே மேல். போர்க்கால இங்கிலாந்தின் மட்டமான பெற்றோலுக்குப் பழகிய வடிவமைப்பாளர் அஞ்சி அஞ்சி வைத்த அளவு அது. நாற்பது ஆண்டுகளின் பின், அவர்கள் பெயர்கூட அறியாத ஒரு குடாநாட்டில், அந்த அச்சம் நோயாளிகளை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றது.

தானாக ஓடிவிடவில்லை. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் பற்றாது. ஆகவே சிறு போத்தலிற் பொன்போற் காத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி எஞ்சினை எழுப்பவேண்டும். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பற்றறி செத்திருந்தால் முன்புறத் துவாரத்திற் கைபிடியைச் செருகிச் சுழற்றவேண்டும்; அத்துவாரத்தை வைத்துச் செய்த பழைய காரிலேதான் அதுவும் முடியும். மண்ணெண்ணெயோ முழுவதும் எரியாது. மிஞ்சியது பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், நீர்த்த ஒயில் தாங்கிகளைத் தேய்க்கும், பிளக்குகள் கரிபிடிக்கும். ஆகவே ஒயிலை அடிக்கடி முகர்ந்து பார்க்கவேண்டும். பிளக்கைக் கழற்றிச் சுரண்டவேண்டும். தேய்ந்த தாங்கிக்கு மாற்றுத் தேடவேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு தொழில்நுட்பத் தீர்வு. குண்டு வீச்சிற்கு நடுவே, கூலி சொற்பமாக, பலர் பலவாறு முயன்று கண்ட தீர்வுகள். வெண்புகை கக்கிக்கொண்டு அக்கார்கள் பிள்ளைத்தாய்ச்சிகளையும் காயக்காரரையும் பிரேதங்களையும் சுமந்தன.

தடையை நாம் போற்றுவதாக எவரும் கருதவேண்டாம். வறுமையே கண்டுபிடிப்பின் தாய் என்று வறுமையைப் படமெடுத்து மாட்டுவோர் கூட்டத்தில் நாமில்லை. மருந்தில்லாமல் இறந்தவர்களின் கணக்கு அதே தடையின் கணக்கிலே உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, மண்ணெண்ணெய்த் திறமையால் எதனையும் தடுத்துவிட முடியவில்லை. நாம் சொல்வது இவ்வளவே: அத்திறமை இருந்தது, அதற்குச் சொந்தக்காரர் இருந்தனர்.

இனி இன்றைய புதுக்குவோரிடம் வருவோம். அவர்களது வேதவாக்கு ‘மூலநிலை’ என்பது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறு காரினை ஆக்குதல். ஆகவே உள்ளூரில் வெட்டி ஒட்டிய தகடு வெட்டி எறியப்படுகின்றது. பட்டறையிற் கடைந்த உறுப்புக்குப் பதிலாக இங்கிலாந்திலிருந்து உறுப்பு வருவிக்கப்படுகின்றது. எரிபொருளை மாற்றுவதற்கென வைத்த குழாயும் திருகும் ‘கோடாலி வேலை’ என்னும் ஏளனத்துடன் கழற்றப்படுகின்றன.

தமிழ் கற்றவர்க்கு இது தெரிந்த சிக்கல். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும்போது பாடபேதங்களுள் மூலபாடம் எது, இடைச்செருகல் எது என ஆராய்கின்றோம். 1887இலே கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் உழைப்பு அத்தகையது. ஆயின் நல்ல பதிப்பாசிரியன் தான் நீக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் தருவான். ஏனெனில் இடைச்செருகலும் ஒரு காலத்தின் சான்று. அதனைச் செருகியவனுக்கும் ஒரு தேவை இருந்தது. காரைப் புதுக்குவோரிடம் அடிக்குறிப்பு இல்லை. குப்பைக்கூடையே உண்டு.

மேலும், மூலநிலை என்பதே அவ்வளவு தூயதா? மைனர் சந்தைக்கு வருமுன், அதன் அகலம் போதாது என இஸிகோனிசுக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நடுவே இரண்டாகப் பிளக்கச் செய்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். அதற்குள் பம்பர்கள் பல செய்யப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவே அறுத்து, இடையில் ஒரு துண்டை வைத்துப் பொருத்தினர். முதற்கால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டினை இன்றும் காணலாம். சேகரிப்போர் அதனைத் தடவிப் பார்த்து மகிழ்வர்; அதுவே மூலநிலைக்கு அடையாளம் என்பர். கௌலியிலே 1948இல் அறுத்து ஒட்டினால் அது மரபுரிமை. கொக்குவிலிலே 1992இல் அறுத்து ஒட்டினால் அது கோடாலி வேலை! இந்த அளவுகோலை வகுத்தவர் யார்?

இங்கிலாந்திலேயே வேறுவிதமாகச் சிந்தித்த ஒருவர் இருந்தார். பாத் நகரில் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயார் என்பவர், கார் என்பது சில ஆண்டுகளில் எறியப்படும் பண்டமாக இருக்கவேண்டியதில்லை, தொடர்ந்து திருத்தி நெடுங்காலம் பயன்படுத்தத்தக்க உடைமை எனக் கணக்கோடு வாதாடி 1980களில் நூலொன்றும் எழுதினார். மைனரின் உறுப்புகளை இலங்கையிற் செய்வித்து இங்கிலாந்திற்கு அனுப்பும் முயற்சியிலும் 1990களில் அவர் ஈடுபட்டார். கூலி மலிவு என்பது அதற்கு ஒரு காரணம், மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தகரத்தைக் கையால் அடித்து வளைக்கும் திறன் இங்கே உயிரோடிருந்தது என்பது மற்றொரு காரணம். வடக்கிலே மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய அதே ஆண்டுகளில், தெற்கிலே இலங்கைக் கைகள் ஆங்கிலேயரின் பொழுதுபோக்குக்கு உறுப்புகள் செய்தன. இவ்விரு தொழிலாளரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

இச்செய்திகளைப் பழங்கதை எனத் தள்ளவும் இயலாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு தன் கடனைச் செலுத்த முடியாது என அறிவித்தது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில், பொழுதுபோக்குக்காரர் கொட்டிலில் வைத்திருந்த அறிவுக்குத் திடீரெனச் சந்தை வந்தது. உயர்தர வகுப்பில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. பிள்ளைகள் எஞ்சினின் நான்கு அடிப்புகளையும் படம் வரைந்து புள்ளி பெறுகின்றனர். பாடசாலை மதிலுக்கு அப்பால் ஐம்பது ஆண்டு தொழில் செய்த ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு வினாக்கூட எவரும் கேட்டிரார். அத்தொழிலாளர் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் எதனையும் எழுதி வைக்கவில்லை.

வடமராட்சியில் ஒரு பட்டறையில் நாம் அண்மையிற் பார்த்த மைனரொன்றின் எஞ்சின் அறைச்சுவரில், உள்ளங்கையளவு இரும்புப் பட்டையொன்று ஆணியறைந்து பொருத்தப்பட்டிருந்தது. பெற்றோல் போத்தலைத் தாங்குவதற்கென 1991இல் வைத்ததாம். பட்டையின் விளிம்பு கையைக் கிழிக்காதிருக்க அரத்தால் உருட்டப்பட்டிருந்தது. செய்தவன் யாரென வினவினோம். தம்மிடம் தொழில் பழகிய பதினாறு வயதுப் பையன் என்றார் அந்தப் பாஸ். பெயரையும் ஊரையும் தகப்பன் பெயரையும் சொன்னார். எம்முடன் வந்த மாணவர் இருவர் அதனைத் தம் கொப்பியில் எழுதிக்கொண்டனர். காரின் உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அப்பட்டையைக் கழற்றி, ஆணித்துவாரங்களை அடைத்து, தொழிற்சாலைப் பச்சை நிறத்தைப் பூசும்படி கூறியுள்ளார். நிறம் வந்துவிட்டது, தகரப் பேணி மூலையில் இருக்கின்றது. பட்டையை அவர் இன்னும் கழற்றவில்லை.